பால்பார்க்: வேலியில் பிறந்த சொல்

அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள டர்ஹம் நகரத்துக்குப் பேஸ்பால் பார்க்கப் போயிருந்தோம். வாசலில் நின்று, "ஸ்டேடியம் நல்லா இருக்கே" என்றேன். அங்கேயே வளர்ந்த அண்ணன் மகள் உடனே திருத்தினாள்: "ஸ்டேடியம் இல்ல சித்தப்பா, பால்பார்க்." இரண்டும் ஒன்றுதானே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வேரைத் தேடிப் போனபோது அவள் சொன்னதே சரி என்று தெரிந்தது.

ஸ்டேடியம் முதலில் இடத்தின் பெயரே இல்லை. அது ஓர் அளவு. கிரேக்கத்தில் 'ஸ்டேடியான்' என்றால் 600 அடி. அவர்களுடைய அடி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நீளமும் மாறும். ஒலிம்பியாவில் அது ஏறத்தாழ 192 மீட்டர். அந்தத் தூரத்தை ஓடும் பந்தயத்துக்கும் அதே பெயர் வந்தது. பிறகு பந்தயம் நடந்த தடத்துக்கும், அதன்பின் பார்ப்பவர்கள் உட்கார்ந்த சரிவுக்கும் ஏறியது. லத்தீன் வழியாக 'ஸ்டேடியம்' ஆகி ஐரோப்பிய மொழிகளுக்குள் வந்தது. ஒலிம்பியாவில் ஓட்டம் தொடங்கும் கல்வரி இன்றைக்கும் தரையில் கிடக்கிறது. கூட்டம் உட்கார்ந்தது கட்டடத்தில் அல்ல, மண்மேட்டில்.

பால்பார்க்கின் கதை வேறு. 'பார்க்' என்ற சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. வேட்டை விலங்குகள் தப்பிவிடாதபடி அடைத்து வைத்த நிலம் என்பதுதான் அதன் முதற்பொருள். பூவும் புல்தரையும் பின்னால் சேர்ந்தவை. பேஸ்பாலுக்கும் அந்த அடைப்புதான் திருப்புமுனை. 1862இல் புரூக்ளினில் வில்லியம் கேமியர் என்பவர், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடந்த தன் நிலத்தைச் சுற்றி வேலியிட்டு, பேஸ்பாலுக்கு விட்டார். அதுதான் யூனியன் கிரவுண்ட்ஸ். வேலி இருந்தால்தான் வாசல் உண்டு. வாசல் இருந்தால்தான் நுழைவுக் கட்டணம் வாங்க முடியும். கட்டணம் வாங்கி நடத்தும் பேஸ்பால் அந்த வேலிக்குள்தான் வேர்விட்டது.

நம்மிடமும் வேலி என்ற சொல் இருக்கிறது. தஞ்சைப் பக்கத்தில் 20 மா நிலம் ஒரு வேலி. சுற்றி அடைப்பதன் பெயர் நில அளவின் பெயராகவும் வழங்குகிறது. கிரேக்கத்தில் அளவு இடமானது. இங்கே வேலியே அளவு. இதைக் கவனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸ்டேடியம், பால்பார்க் என்ற வேறுபாடு ஆட்டத்திலேயே இருக்கிறது. பேஸ்பாலில் ஓடித் தொட வேண்டிய முனைகளான பேஸுக்குப் பேஸ் 90 அடி, பந்து வீசும் இடத்திலிருந்து, அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். இவை மாறா. ஆனால் ஆடுகளத்தின் எல்லையான வெளிமதில் எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு உயரம் என்பது இடத்துக்கு இடம் வேறு. டர்ஹமில் ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் இடக்கோட்டு மூலையில் மதில் 305 அடியிலேயே வந்துவிடுகிறது; அதை ஈடுகட்ட 32 அடி உயரத்துக்கு நீலச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் பெரிய காளை ஒன்று. உள்ளூர் அணி பந்தை மதில் தாண்டி அடித்து ஹோம் ரன் எடுத்தால் காளையின் கண் சிவக்கிறது, மூக்கில் புகை வருகிறது. காளையில் பந்து பட்டால் அடித்தவருக்குப் பரிசாக ஸ்டேக் என்ற மாட்டிறைச்சி, காலடிப் புல்லில் பட்டால் சாலட் என்று எழுதியிருக்கிறது. டர்ஹமின் புகழ்பெற்ற புகையிலையின் சின்னம் காளை. அணியின் பெயர் டர்ஹம் புல்ஸ்.

இது மைனர் லீக் அணி. முதல்தர லீக்கான மேஜர் லீக்கின் கழகங்களுக்கு ஆட்டக்காரர்களைத் தயார் செய்யும் படிவரிசையில் மேல்படியில், தம்பா பே என்ற மேஜர் லீக் கழகத்துக்கு அடுத்து நிற்கிறது. இந்த இடம் 1995இல் திறந்தது. இதற்கு முந்தையது ஊருக்குள்ளேயே சிறிது தூரத்தில் நிற்கிறது. ஆட்டம் முடிந்த மறுநாள் காலை அங்கேயும் போனோம். 1926இல் 'எல் டோரோ பார்க்' என்ற பெயரில் திறந்து, பின்பு டர்ஹம் அத்லெட்டிக் பார்க் ஆனது. எல் டோரோ என்றால் ஸ்பானிய மொழியில் காளை. 1939இல் மரப்பந்தல் தீயில் எரிந்துபோக, காங்கிரீட்டில் எழுப்பினார்கள். டிக்கெட் கொடுத்த உருண்டைக் கோபுரம், கூம்புக் கூரையோடு அப்படியே இருக்கிறது. அதன் சிறு சாளரத்துக்கு எதிரே நின்றால், வேலி, வாசல், கட்டணம் என்ற மூன்றும் ஒரே இடத்தில் கண்ணில் படுகின்றன. பெயர் மாறியும் 'பார்க்' மட்டும் மாறவில்லை.

தமிழுக்கு வருவோம். 'பந்துப் பூங்கா' என்று மாற்றுவது தவறு. பூங்கா பூஞ்சோலை, அடைப்பு அல்ல. மைதானம் பாரசீகத்திலிருந்து வந்து நம்மோடு கலந்துவிட்ட சொல். திறந்த வெளியைத்தான் அது காட்டும். ஸ்டேடியத்துக்கு விளையாட்டரங்கம் என்பது மிகப் பொருத்தம். அரங்கு என்றதும் நாடக மேடை நினைவுக்கு வரும். ஆனால் "அரங்கின்றி வட்டாடி யற்றே" என்ற 401ஆம் குறளில் அரங்கு என்பது வட்டு என்ற காய்களை வைத்து ஆடுவதற்காகக் கட்டம் வரைந்த இடம். கோடு கிழித்தால்தான் ஆட்டம். ஒலிம்பியாவின் கல்வரியும் அதே வேலையைத்தான் செய்தது.

பால்பார்க்குக்கு நான் 'பந்துத்திடல்' என்று எழுதுகிறேன். பேஸ்பால் என்று தனித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'அடிபந்துத் திடல்'. வேலியின் பொருள் இதில் வரவில்லை என்ற குறை எனக்கும் உண்டு. 'பந்தடைப்பு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் யாங்கி ஸ்டேடியத்தை யாங்கி விளையாட்டரங்கம் என்று எழுதலாம், அவர்களே அப்படிப் பெயரிட்டிருக்கிறார்கள். டர்ஹமின் பழையதும் புதியதும் திடல்தான்.