பக்கத்து மனையில் புதர் மண்டினால்: கடலூரில் யாரிடம், எப்படி மனு கொடுப்பது?

வடகிழக்குப் பருவமழை நான்கு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், கடலூரில் வீடுகளுக்கு நடுவே கட்டாமல் கிடக்கும் மனைகளில் பார்த்தீனியமும் ஆமணக்கும் கோரையும் இடுப்பளவுக்கு எழுந்துவிடும். மனைக்காரர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். பாம்பு வருவதென்னவோ பக்கத்து வீட்டுக்குத்தான்.

மனையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. ஓர் இடம் உடல்நலத்திற்குக் கேடு விளைவிக்கும் நிலையில் கிடந்தால், அதைச் சரிசெய்யுமாறு அவருக்கு நோட்டீஸ் அனுப்பவும், அவர் பொருட்படுத்தாவிட்டால் தாமே சுத்தம் செய்து செலவை அவரிடமிருந்து வசூலிக்கவும் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. 1939ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் இதற்கு அடிப்படையாகும். ஆனால் செடி வளர்ந்திருக்கிறது என்பது மட்டுமே புகாருக்குப் போதாது. புதருக்கு அடியில் கிடக்கும் தேங்காய் ஓடு, பிளாஸ்டிக் கப், பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் மழைநீரைத்தான் மனுவில் முதலில் எழுத வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைவிட இத்தகைய தெளிந்த நீரையே நாடி முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக மாறப் பத்து நாட்களே ஏறக்குறைய ஆகும். கொட்டப்பட்ட குப்பை, பாம்பு நடமாட்டம், தெருவிளக்கை மறைக்கும் கிளை ஆகியவற்றையும் சேர்த்து, தேதி தெரியும் புகைப்படங்களை இணைத்தால், சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பதற்கான காரணம் மனுவிலேயே இருக்கும்.

பெரும்பாலான மனுக்கள் தேங்கிப்போவது, இடம் யாருடையது என்ற கேள்வியில்தான். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் புல எண்ணை (சர்வே எண்) கொடுத்து நில ஆவணத்தைப் பார்த்தால், அது பட்டா நிலமா புறம்போக்கா என்பது தெரிந்துவிடும். தனியார் மனையென்றால், அதற்குக் காலிமனை வரி விதிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் உரிமையாளரின் முகவரி மாநகராட்சியின் வரிப் பதிவேட்டிலேயே இருக்கும். அந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புமாறு மனுவில் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கி ஒப்படைக்கப்பட்ட இடமென்றால் நோட்டீசுக்கு வேலையில்லை, அதைச் சுத்தம் செய்வது உள்ளாட்சியின் கடமை. வாய்க்கால் கரை நீர்வளத் துறையுடையதாகவும், கோயில் மனை அறநிலையத் துறையின் பொறுப்பிலும் இருக்கலாம் என்பதால், அத்தகைய இடங்களுக்கு அந்தத் துறைக்கும் ஒரு படி அனுப்ப வேண்டும்.

கடலூர் 2021இல் மாநகராட்சியானது. நகரத்தை ஒட்டிய பல குடியிருப்புகள் பார்வைக்கு நகரம் போலவே இருந்தாலும் ஊராட்சி எல்லைக்குள் இருப்பவை. வீட்டு வரி ரசீதில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் மனு கொடுக்க வேண்டும். மாநகராட்சியில் ஆணையருக்கு எழுத வேண்டும். ஊராட்சியென்றால் ஊராட்சி அலுவலகத்துக்கு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் வைக்கலாம். வார்டு கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்வது சில நேரம் விரைவாகப் பலன் தரும் என்றாலும், எழுத்து மனுவுக்குப் பெறும் ஒப்புகை ரசீதே பிறகு கைகொடுக்கும்.

நடவடிக்கை இல்லையெனில் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ முறையிடலாம். பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ், தமது மனுவின்மீது எந்தத் தேதியில் நோட்டீஸ் அனுப்பப்பட்டது என்று கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகு கோப்பு நகர்வதும் உண்டு. ஆபத்து கடுமையானதாக இருந்தால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்கீழ் பொதுத்தொல்லையை அகற்ற உத்தரவிடுமாறு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு செய்யலாம்.

பொறுமையிழந்து அடுத்தவர் மனைக்குள் இறங்கி வெட்டுவதும் தீ வைப்பதும் புகார்தாரரையே குற்றவாளியாக்கிவிடும். மனையில் பனைமரம் இருந்தால் அதை வெட்டச் சொல்லி எழுத வேண்டாம், அதற்கு ஆட்சியரின் அனுமதி தேவை. அடியிலுள்ள புதரை மட்டும் அகற்றக் கோரினால் போதும்.