லிட்டருக்கு 116 ரூபாய் லாபம் என்று எழுதிய திட்டம்

மரச்செக்கு எண்ணெய் தயாரிக்கும் தம்பி ஒருவர் சென்ற ஆண்டு என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வந்தார். பெருந்துறைப் பக்கம் ஊர். அப்பா கட்டிய பழைய குடோனில் மூன்று செக்கு ஓடுகிறது. அம்மாவும் அண்ணியும் பாட்டில் நிரப்பி லேபிள் ஒட்டுகிறார்கள். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட 42 பக்க புராஜெக்ட் ரிப்போர்ட். "50 லட்சம் முதலீடு தேடறேங்க மேடம். 10 சதவீதம் பங்கு தர்றேன். கணக்கை மட்டும் ஒரு தடவை பாத்துக் குடுத்துருங்க. லிட்டருக்கு 116 ரூவா நிக்குது" என்றார்.

முதல் ஒன்பது பக்கமும் இந்தியச் சமையல் எண்ணெய்ச் சந்தை எவ்வளவு பெரியது என்பதைப் பற்றியே. நாட்டின் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி ஆகிறது என்று எழுதியிருந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த இறக்குமதியில் பெரும்பகுதி பாமாயில், சோயா, சூரியகாந்தி. விலை மலிவு என்று அதை வாங்கும் குடும்பம் வேறு, செக்குக் கடலை எண்ணெய் தேடி வரும் குடும்பம் வேறு. "இந்தச் சந்தையில் அரை சதவீதம் பிடித்தால் போதும்" என்ற வரியைப் படித்ததும் அனுபவமுள்ள முதலீட்டாளர் அறிக்கையை மூடி வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது, போன மாதம் எத்தனை கடையில் எத்தனை பாட்டில் போனது, அதில் எத்தனை கடை மறுபடி ஆர்டர் போட்டது என்ற இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி 42 பக்கத்தில் எங்கும் இல்லை. 14ஆம் பக்கத்தில், நூல் நூற்கும் கதிர்களைக் குறிக்கும் 'ஸ்பிண்டில் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரோ ஒரு நூற்பாலைக்குச் செய்த அறிக்கையை ஊர் பெயரையும் தொழிலையும் மாற்றி இவருக்கு 6,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

சரி, அந்த 116 ரூபாய்க்கு வருவோம். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 110 ரூபாய் வீதம் 11,000 ரூபாய். அவர் செக்கில் 42 கிலோ எண்ணெய் இறங்குகிறது. எண்ணெய் தண்ணீரை விட லேசானது என்பதால் அது 46 லிட்டர் வரும். கழிவு போக மிச்சம் 54 கிலோ புண்ணாக்கு, மாட்டுத் தீவனத்துக்குக் கிலோ 45 ரூபாய்க்குப் போகிறது. அதில் 2,430 ரூபாய். புண்ணாக்குக் காசைக் கழித்தால் எண்ணெயின் மூலப்பொருள் செலவு லிட்டருக்கு 186 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி 18. கூலி, கரண்ட் 20. ஆக 224 ரூபாய். இதுவரை அவர் கணக்கு சுத்தமாகச் சரி. பாட்டிலில் போட்ட எம்.ஆர்.பி. 340. அதிலிருந்து 224 போனால் 116. அதைத்தான் லாபம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்த 340 ரூபாய் அவர் கைக்கு வருவதே இல்லை. கடைக்காரருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சேர்த்து 25 சதவீதம் விட்டுக்கொடுக்கிறார். 85 ரூபாய் போய் 255. அதற்குள் 5 சதவீத ஜி.எஸ்.டி. இருக்கிறது. அதை எடுத்தால் 243. வண்டி வாடகை, கசிவு, திரும்பி வரும் சரக்கு என்று லிட்டருக்கு 8 ரூபாய். மிஞ்சுவது 235. அதில் 224 செலவு. நிற்பது 11 ரூபாய். உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும் பொருளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வதை, நுணுக்கமாகப் பார்த்தால் ஒன்றிரண்டு ரூபாய் முன்பின் ஆகலாம், அவ்வளவுதான்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "அம்மாவுக்கும் அண்ணிக்கும் சம்பளம் போடலைங்க" என்றார். குடோன் வாடகையும் போடவில்லை, அவர் சம்பளமும் போடவில்லை. அந்த 11 ரூபாயும் அம்மாவின் உழைப்புதான். குடும்பத் தொழில்களில் பெண்களின் வேலை கணக்கில் ஏறாமலே போவதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலீட்டாளர் இதைக் கட்டாயம் கேட்பார். நாளைக்கு ஐந்து செக்கு ஓடினால் அந்த வேலைக்குக் கூலி ஆள் வைத்துத்தானே ஆக வேண்டும்?

திட்டம் எழுத வருகிற எல்லோரிடமும் இந்த ஒரு தாளைத்தான் முதலில் கேட்கிறேன். ஒரு லிட்டர், ஒரு சட்டை, ஒரு மாணவர், ஒரு டெலிவரி, எதுவாக இருந்தாலும் ஒன்றை எடுத்துக்கொண்டு, வாடிக்கையாளர் தரும் காசு எந்தெந்தக் கை மாறி எவ்வளவாக உங்களிடம் வந்து சேர்கிறது என்று எழுதுங்கள். ஐந்து வருட விற்பனைக் கணிப்பெல்லாம் அதன் மேல் கட்டுகிற மாடிதான்.

அடுத்த ஓட்டை ஒர்க்கிங் கேப்பிட்டல், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டச் சுழல வேண்டிய பணம். அறிக்கையில் மெஷினுக்கும் கட்டடத்துக்கும் 45 லட்சம், ஒர்க்கிங் கேப்பிட்டலுக்கு 5 லட்சம் என்று போட்டிருந்தது. கடலை வாங்கினால் அன்றைக்கே ரொக்கம். வாங்கிய பருப்பு குடோனில் சராசரி 45 நாள் கிடக்கும். ஆட்டிய எண்ணெய் 15 நாள். சூப்பர் மார்க்கெட் பணம் தருவது 60 நாள் கழித்து. ஆக இன்று போட்ட ஒரு ரூபாய் திரும்பி வர 120 நாள். மாதம் 10 லட்சம் செலவாகும் தொழில் என்றால் 40 லட்சம் எப்போதும் வெளியே சுற்றிக்கொண்டே இருக்கும். 5 லட்சத்தை வைத்து என்ன செய்ய முடியும்? விற்பனை கூடக் கூடக் கையில் காசு வறளும். ஆர்டர் குவிந்திருக்கும்போதே படுத்துப்போன யூனிட்டுகளின் கணக்குகளை நான் முடித்து வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சட்ட விஷயம். சிறு, குறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். இது 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம். அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், பணத்தைக் கொடுத்து முடிக்கும் வருடம் வரை வாங்கியவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்துவிட்டது. தம்பியிடம் உத்யம் பதிவு, அதாவது இந்த வகைத் தொழில்களுக்கான அரசுப் பதிவு, இருந்தது. ஆனால் பில்லில் அந்த எண்ணைப் போடவில்லை. 60 நாள் கடன் என்று கடை சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

இன்னொரு குழப்பம், வங்கிக்குச் செய்த அறிக்கையையே முதலீட்டாளரிடமும் நீட்டுவது. வங்கி மேலாளர் பார்ப்பது தவணை திரும்புமா என்பதை. டி.எஸ்.சி.ஆர். (கட்ட வேண்டிய தவணையைப் போல எத்தனை மடங்கு வருமானம் வருகிறது என்ற விகிதம்) எவ்வளவு, ஜாமீன் என்ன என்பதுதான் அவர் கேள்வி. தொழில் பெரிதாக வளர்ந்தாலும் அவருக்கு வட்டிக்கு மேல் ஒரு பைசா வராது. முதலீட்டாளருக்கு வட்டியும் கிடையாது, ஜாமீனும் கிடையாது. போட்ட பணம் மொத்தமும் போகலாம் என்று தெரிந்துதான் வருகிறார். அதனால் இது எவ்வளவு பெரிதாகும், என் பங்கை யாரிடம் எப்போது விற்று வெளியேறுவேன் என்று கேட்பார். அந்தப் பதில் உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டும். அவர் பணத்தில் பழைய கடனை அடைப்பதும், நிலம் வாங்குவதும், கட்டடம் எழுப்புவதும் அவருக்குப் பிடிக்காது. சொந்த ஊரில் சொந்த இடம் என்பது நமக்குப் பெருமை, ஆனால் அவர் போட்ட காசு அங்கே சுழலாமல் முடங்கிவிடும்.

சில தொழில்களுக்கு முதலீட்டாளர் தேவையே இல்லை என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். நிதானமாக ஓடி வருடம் பத்துப் பதினைந்து லட்சம் தரும் தொழிலுக்கு வங்கிக் கடன்தான் பொருத்தம். சிறு, குறு தொழில் கடனுக்கு ஜாமீன் நிற்கும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற அறக்கட்டளையின் உத்தரவாதத்தில் சொத்து ஜாமீன் இல்லாமல் வாங்கும் கடனுக்கு உச்சவரம்பு 2025 ஏப்ரலில் இருந்து 10 கோடி. புதிதாகத் தொடங்கும் முதல் தலைமுறைக்காரர் என்றால், மாவட்டத் தொழில் மையத்தில் நீட்ஸ் என்ற தமிழக அரசுத் திட்டம் பற்றிக் கேளுங்கள், 25 சதவீத மானியம் உண்டு. ஸ்ரீதர் வேம்பு வெளி முதலீடு வாங்காமலே ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தை வளர்த்தார். அங்கிருந்து வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கி, முதலீட்டாளர் பணத்தில் வளர்த்து, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிட்டார். இரண்டும் சென்னையில் வளர்ந்தவைதான். உங்கள் தொழில் எந்த வகை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

தம்பிக்கு வளரும் ஆசை இருந்தது, சரக்கும் தரமானது. ஆனால் தொழில் அண்ணனோடு சேர்ந்த கூட்டு நிறுவனமாக (பார்ட்னர்ஷிப்) இருந்தது. கூட்டு நிறுவனத்தில் பங்குகளே கிடையாது, எதில் 10 சதவீதம் கொடுப்பது? பிரைவேட் லிமிடெட்டாக மாற்ற வேண்டும். டிரேட்மார்க் அண்ணன் பெயரில் தனியாக இருந்தது, அதையும் கம்பெனிக்கு மாற்ற வேண்டும். குடோனுக்கு அப்பாவிடமிருந்து முறையான வாடகை ஒப்பந்தம் வேண்டும். பிராண்டும் இடமும் கம்பெனியிடம் இல்லாவிட்டால் முதலீட்டாளர் எதை வாங்குகிறார்?

மதிப்பைப் பற்றியும் பேசினோம். 50 லட்சத்துக்கு 10 சதவீதம் என்றால், அந்தப் பணமும் உள்ளே வந்தபின் கம்பெனி 5 கோடி பெறும், வருவதற்கு முன் 4.5 கோடி பெறும் என்று அர்த்தம். லிட்டருக்கு 11 ரூபாய் நிற்கும் தொழிலுக்கு அந்த மதிப்பை அவராலேயே சொல்லி நிறுவ முடியவில்லை. நியாயமான மதிப்புக்கு மேல் பங்கு விற்று வாங்கும் பணத்துக்குக் கம்பெனி கட்ட வேண்டியிருந்த ஏஞ்சல் வரி பற்றிப் பயந்தார். 2012இல் வந்த அந்த வரி 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை. ஆனால் பங்கு விலைக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை கம்பெனிச் சட்டப்படி இன்னும் வேண்டும்.

தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். பணம் கிடைக்கத் தாமதமானால் சிலர் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'முதலீட்டாளர் தேவை, பங்கு தரப்படும்' என்று போட்டுவிடுகிறார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி அப்படிப் பொதுவில் விளம்பரம் செய்து பங்கு விற்கக் கூடாது. தனிப்பட்ட முறையில் குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டுமே வழங்கலாம். பணம் வங்கி வழியாகத் தனிக் கணக்குக்கு வர வேண்டும், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கீட்டு விவரத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் முன் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. இதைவிட ஆபத்து, மாதாமாதம் லாபப் பங்கு தருகிறேன் என்று ஊரில் பத்துப் பேரிடம் பணம் வாங்குவது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டத்திலும், 1997இலிருந்து தமிழ்நாட்டில் இருக்கும் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்திலும் போய் மாட்டிக்கொள்வீர்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாமல், நல்ல தொழில் செய்துகொண்டே இதில் சிக்கியவர்கள் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் ஆடிட்டரால் செய்ய முடிவது ரொம்பக் குறைவு.

மூன்று மாதம் கழித்துத் தம்பி இரண்டாவது திட்டத்தோடு வந்தார். 11 பக்கம். டிஸ்ட்ரிபியூட்டரை விட்டுவிட்டு, ஈரோடு, பெருந்துறை, கோபியில் 60 கடைகளுக்குச் சொந்த வண்டியில் போடத் தொடங்கியிருந்தார். கடைக்கு 18 சதவீதம், கடன் 15 நாள். வரியும் வண்டிச் செலவும் போக லிட்டருக்கு 27 ரூபாய் நின்றது. அம்மாவுக்கும் அண்ணிக்கும் சம்பளம் போட்ட பிறகும் 15. பணம் திரும்பும் நாள் 120இலிருந்து 75 ஆகியிருந்தது. கேட்ட தொகை 30 லட்சம். அதில் 20 லட்சம் கடலைக்கும் சரக்குக்கும். தனியாக ஒரு பக்கத்தில், கடலை கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 22 ரூபாய் கூடும், லாபம் முழுசாகப் போய்விடும், அறுவடைச் சமயத்தில் எவ்வளவு வாங்கி வைப்போம், எந்த விலையில் எம்.ஆர்.பி.யை மாற்றுவோம் என்று அவரே எழுதியிருந்தார்.

கோவையில் ஒரு முதலீட்டாளர் அதைப் படித்துவிட்டு நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினாராம். ஒரு மணி நேரம் கடலை விலை பற்றியே பேச்சு. பணம் தரவில்லை. ஆறு மாதம் இதே கணக்கை மாதாமாதம் எனக்கு அனுப்புங்கள், பிறகு பேசுவோம் என்றாராம். தம்பி ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அனுப்புகிறார், எனக்கும் ஒரு நகல் வருகிறது. இந்த மாதம் நான்காவது. கடைகள் 71, மறுபடி ஆர்டர் போட்டவை 58.