ஸ்டீராய்டு ஊக்கமருந்து அல்ல

தோல் களிம்பைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ‘ஸ்டீராய்டு’ என்பதைத் தமிழாக்கி ‘ஊக்கமருந்து கலந்த களிம்பு’ என்று மறுபடியும் ஒருவர் எழுதியிருக்கிறார். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

கிரேக்கத்தில் ‘ஸ்டீரியோஸ்’ என்றால் கெட்டியானது. பித்தக்கல்லில் கிடைத்த கெட்டிப்பொருளுக்குக் கொலஸ்டிரால் என்று பெயர் வந்தது. அதை ஒத்த அமைப்புள்ள சேர்மங்கள் ஸ்டீராய்டுகள். சொல்லின் வேரில் ஊக்கம் என்ற பொருளே கிடையாது.

ஊக்கமருந்து விளையாட்டுச் செய்தியில் வளர்ந்த சொல். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டக்காரர் பென் ஜான்சன் சிக்கியது தசை வளர்க்கும் ஸ்டீராய்டில். அங்கே அந்தச் சொல் பொருந்தும். ஆனால் ரத்த அணுக்களைப் பெருக்கப் போடும் எரித்ரோபொய்டினும் ஊக்கமருந்துதான். அது ஸ்டீராய்டே இல்லை. அதாவது, அந்தச் சொல் ஒரு பயன்பாட்டுக்குப் பெயர், சேர்மக் குடும்பத்துக்கு அல்ல. களிம்பில் இருப்பதோ வேறு கிளை. அட்ரினல் சுரப்பியின் புறணியில், அதாவது வெளியடுக்கில், சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் வழி வந்தது. அது அழற்சியையும் தோலின் எதிர்ப்பாற்றலையும் அடக்குகிறது. அடக்குவதற்கு ஊக்கம் என்று பெயர் வைத்தால் எப்படி?

இதனால் இரண்டு பக்கமும் கேடு. தேவகோட்டையில் ஓர் ஆச்சி, பேரனின் கரப்பானுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பைத் தொடவே இல்லை. “ஓட்டப்பந்தயத்துல ஓடுறவுக போடுற மருந்தாமே தம்பி, பச்சப்பிள்ளைக்கா போடச் சொல்றாக?” என்றார். பிள்ளை சொறிந்து சொறிந்து முழங்கை மடிப்பெல்லாம் புண். இன்னொரு பக்கம், ஊக்கம் என்றால் சத்து என்று எடுத்துக்கொண்டு, கலியாணத்துக்கு முன் முகம் வெளுக்க மாதக்கணக்கில் தடவுகிறவர்கள். தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் முகம் எரியும், மறுபடி அதையே தேடும். படர்தாமரைக்குப் போட்டாலோ அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். வட்டம் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது.

மருந்துக்கடையில் ‘படைக்கு ஆயின்மெண்ட்’ என்று கேட்டால் கைக்கு வருகிற டியூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசோல், மைக்கோனசோல் என இரண்டு பெயர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இரண்டும் ‘சோல்’. முதலாவது வீரியமான ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சைக்கொல்லி. எது எது என்று சொல்லித்தருவதுதான் தமிழில் எழுதுகிறவரின் வேலை. அந்த இடத்தில் ஊக்கமருந்து என்று போட்டால் டியூபில் இருக்கிற பெயருக்கும் படிக்கிறவருக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு’. ‘அழற்சி தணிப்பி’ என்று மட்டும் நிறுத்தினால் வலி மாத்திரையும் அதில் அடங்கிவிடும். ‘இசுடீராய்டு’ என்று எழுதச் சொல்லும் அன்பர்களிடம் எனக்குச் சண்டையில்லை. காரைக்குடியில் அதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது, அவ்வளவுதான். தூய்மையைவிட இங்கே தெளிவு முக்கியம், தோல் சம்பந்தப்பட்ட விஷயம்.

அளவுக்கும் நல்ல தமிழ் இருக்கிறது: விரல்நுனி அளவு. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். மொழிபெயர்ப்பாளர்களோ ‘தேவையான அளவு தடவவும்’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள், முகத்திலா காலிலா என்பதைத்தானே ஐயா எழுதியிருக்க வேண்டும்?