ஜாக்கி சரி, பலகை இருக்கிறதா?

டெல்டாவில் பஞ்சர் கடை இல்லாத ஊர் அபூர்வம். ஆனால் அந்தக் கடைக்கும் உங்கள் காருக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் கரை ரோடு கிடக்கும். ஒரு பக்கம் வெண்ணாறு, மறுபக்கம் நடவு வயல். ஐப்பசி, கார்த்திகையில் தார் விளிம்பைத் தாண்டினால் களிமண்தான். வழியில் கார் நின்றால் சமாளிக்க டிக்கியில் வைக்கும் கிட் வாங்கும்போது இந்த இடத்தை மனதில் வைத்து வாங்குங்கள்.

காரோடு வருகிற ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான். அதன்மேல் சில நூறு கிலோ இறங்கும்போது, ஈரக்களியில் கார் மேலே வராது, ஜாக்கிதான் கீழே போகும். அதுவும் சாய்ந்துகொண்டே போகும். கார் நழுவி விழுவது இப்படித்தான். ஒரு அடிக்கு ஒரு அடி, 18 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் துண்டு ஒன்றை டிக்கியில் போட்டுவையுங்கள். மரக்கடையில் வெட்டு மீதியாகவே கிடைக்கும். செங்கல் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க மட்டும். ஜாக்கிக்கு அடியில் வைத்தால் பாரத்தில் பிளந்துவிடும்.

அடுத்தது வீல் ஸ்பேனர். மாருதி கார்களில் பெரும்பாலும் 19 மி.மீ. நட்டு, ஹூண்டாயில் 21. கூடவே வரும் எல் ஸ்பேனரின் கைப்பிடி ஏறக்குறைய 25 செ.மீ. நட்டு 100 நியூட்டன் மீட்டரில் இறுகியிருந்தால், அதைக் கழற்ற நுனியில் 40 கிலோ அழுத்தம் வேண்டும். ஏர் கன்னால் இறுக்கியிருந்தால் இன்னும் கூடும். கைப்பிடி 50 செ.மீ. இருந்தால் 20 கிலோ போதும். நீளும் கைப்பிடி ஸ்பேனருக்குக் கொடுக்கிற காசு வீண் அல்ல. சாக்கெட்டின் உள்ளே ஆறு பட்டை உள்ளதாகப் பாருங்கள்; பன்னிரண்டு பட்டை நட்டின் முனையை மழுக்கிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள்.

டியூப்லெஸ் பஞ்சர் கிட்டோடு ஒரு நோஸ் பிளையர் அவசியம். கருவேல முள் வெளியே ஒடிந்து, முனை ரப்பருக்குள்ளேயே நிற்கும். அதை எடுக்காமல், ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பைச் செருகிப் பயனில்லை. ஸ்ட்ரிப் டிக்கிச் சூட்டில் காய்ந்துபோகும். விரலால் அமுக்கினால் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாற்றுங்கள். டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஸ்டெப்னிதான். அதில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

பேட்டரி இறங்கிப்போனால் இன்னொரு காரின் பேட்டரியோடு இணைக்கும் ஜம்பர் கேபிளில்தான் ஏமாற்று அதிகம். '1000 ஆம்ப்' என்று அச்சடித்திருப்பதை நம்பாதீர்கள். தடிமனாகத் தெரிவது பெரும்பாலும் மேலுறை. கம்பியைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். பெட்ரோல் காருக்கு 16 சதுர மி.மீ. செம்பு, டீசலுக்கு 25. நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது. கடைசிக் கறுப்புக் கிளிப்பை, நின்றுபோன காரின் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். தீப்பொறி பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

சேற்றில் இறங்கிய காரை இழுக்க டிராக்டர் எப்படியும் கிடைத்துவிடும். டோயிங் கொக்கிதான் கிடைக்காது. டூல் பையில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சில கார்களில் அதற்கு இடதுமரை. வழக்கம்போல் வலப்பக்கம் திருகினால் ஏறாது.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஜாக்கி மரை இறுகிவிடும். புரட்டாசியிலேயே ஒருமுறை முழுக்க விரித்து, கிரீஸ் தடவி மடக்கிவையுங்கள்.