கரி காட்டும் பதம்

லண்டனுக்கு வடக்கே நியூபோர்ட் பேக்னல் என்று ஒரு சிறிய ஊர். 1950-களின் நடுவில் தொடங்கி அரை நூற்றாண்டு காலம் ஆஸ்டன் மார்ட்டின் கார்கள் அங்கே உருவாயின. மொத்தம் ஏறத்தாழ 13,000. 2007-இல் வான்குவிஷ் எஸ் என்ற மாடலின் கடைசிக் கார் வெளியே வந்ததும் தயாரிப்பு நின்றது. பழைய கார்களைச் செப்பனிடும் பட்டறை மட்டும் தொடர்ந்து நடந்தது. பத்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி புதுக் கார்கள்: 1959-இல் வந்த டிபி4 ஜிடி என்ற பழைய மாடல், அதே உருவில், 25 மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4,500 மணி நேர உழைப்பு.

இது சாத்தியமானதற்கு அந்தச் செப்பனிடும் பட்டறைதான் காரணம் என்பேன். ஏனென்றால் இந்தக் காரின் உடம்பை அச்சில் அழுத்தி எடுப்பதில்லை. மெல்லிய எஃகுக் குழாய்களால் ஒரு கூடு. அதன்மேல் கையால் வளைத்த அலுமினியத் தகடு. மிலான் நகரத்து டூரிங் நிறுவனம் கண்டுபிடித்த முறை இது.

சரி, தட்டைத் தகடு எப்படி வளைகிறது? காகிதத்தைத் தூணில் சுற்றலாம். தேங்காயில் சுற்றினால் சுருங்கிக் கசங்கும். காரின் சக்கர வளைவு தேங்காய் மாதிரி, இரண்டு பக்கமும் வளைந்தது. அதற்குத் தகட்டின் நடுப்பகுதி ஓரத்தைவிடப் பரப்பில் பெரிதாக வேண்டும். இங்கிலீஷ் வீல் என்ற கருவி அதைச் செய்கிறது. மேலே தட்டையான பெரிய உருளை, கீழே லேசாகப் புடைத்த சின்ன உருளை. இடையில் தகட்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, அழுந்திய இடம் மெலிந்து விரிகிறது. சுற்றியுள்ள உலோகம் இடம் கொடுக்காததால், விரிந்த பகுதி குடை போல உப்புகிறது.

ஆனால் தட்டத் தட்ட அலுமினியம் முரண்டு பிடிக்கும். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கில் ஆங்காங்கே இருக்கும் பிசகுகள் நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. பெரிய ஜமுக்காளத்தை அப்படியே இழுப்பது கஷ்டம். அதில் ஒரு சுருக்கத்தை உண்டாக்கித் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். அந்தச் சுருக்கம்தான் இந்தப் பிசகு. அடிக்க அடிக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றை ஒன்று மறித்துக்கொள்கின்றன. தகடு விறைத்துவிடும், அதற்கு மேல் வளைத்தால் விரிசல்தான். கம்பியை முன்னும் பின்னும் மடக்கி ஒடிக்கிறோமே, அதே கதை.

மருந்து, சூடு. 350 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் பிசகில்லாத புதிய படிகத் துகள்கள் உள்ளே முளைக்கின்றன. தகடு மறுபடி இளகுகிறது. அப்புறம்தான் ஆபத்து. எஃகு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறமே மாறாது. 660 டிகிரியில் சட்டென்று உருகி ஓட்டை விழும். எப்போது நிறுத்துவது?

தகடு வேலைக்காரர்களின் பழைய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பற்றவைக்கும் கருவியில் ஆக்சிஜனை மூடிவிட்டு அசிட்டிலீன் வாயுவை மட்டும் எரித்தால் கரிப்புகை கிளம்பும். அதைக் காட்டித் தகடு முழுக்கக் கறுப்பாக்குவார்கள். பிறகு ஆக்சிஜனைத் திறந்து, சுடரைத் தகட்டின் மேல் அசைத்தபடியே சூடேற்றுவார்கள். கரி எரிந்து, கறுப்பு மறைந்து, வெள்ளித் தகடு தெரிந்ததும் பதம் வந்துவிட்டது. சுடரை எடுத்துவிட வேண்டும். வெப்பமானி எதுவும் இல்லை.

பழைய கார்களின் நசுங்கிய தகடுகளை வருடக்கணக்கில் மாற்றி வந்த கைகளுக்கு இதெல்லாம் அன்றாட வேலை. பத்து வருடம் பட்டறை பூட்டிக் கிடந்திருந்தால், 2017-இல் கட்டடமும் வரைபடமும் மிஞ்சியிருக்கும். கரி மறையும் அந்த நொடியில் சுடரை விலக்கத் தெரிந்தவர் இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

தகடுகளைப் பற்றவைத்து இணைத்த பிறகு, தையலை அரத்தால் ராவிச் சமப்படுத்துவார்கள். கடைசிச் சோதனை கையில். உள்ளங்கையைத் தகட்டின்மேல் மெதுவாக ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தைத் தேடுவார்கள். தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு மறுபடி சுத்தியல்.