கல் ஏன் மேட்டில் ஏறுகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடையில் வாங்கும் அரிசியில் இப்போது கல்லே இருப்பதில்லை. ஏதோ ரசாயனத்தில் ஊறவைத்துக் கல்லைக் கரைத்துவிடுகிறார்களாம். அதைத் தினமும் சாப்பிட்டால் உடம்பு என்ன ஆகும்?"

பயப்பட வேண்டாம். களத்திலிருந்து நெல்லோடு ஏறிவரும் கல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். அதைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். கண்ணாடிக் குடுவையையே அரித்துவிடும் அமிலம் அது. அரிசியை அதில் ஊறவைத்தால் கல் கரைவதற்கு வெகு முன்பே அரிசி இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். ஆலை முதலாளிக்குக் கல் மட்டும்தான் மிஞ்சும்.

ஆனால் கேள்வியின் முதல் வாக்கியம் உண்மை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். சாம்பார் சாதத்தின் நடுவில் கடைவாயில் ஒரு 'நறுக்'. பேச்சு நின்றுவிடும். அப்பா நிமிர்ந்து பார்ப்பார். "நன்றாகப் பார்த்துத்தானே போட்டேன்" என்று அம்மா முனகுவார். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அந்தக் கற்கள் எங்கே போயின என்று பார்க்கத்தான் சில மாதங்களுக்கு முன் ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குப் போயிருந்தேன்.

முதலில் பழைய ஹல்லர் மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேசிலில் எவரிஸ்டோ கோன்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 1880களில் உருவாக்கிய இயந்திரத்தின் வாரிசு அது. நெல்லை ஒரு பக்கம் கொட்டினால் உமி, தவிடு, அரிசி, நொய் எல்லாம் ஒரே உருளையில் அரைபட்டு மறுபக்கம் வரும். நெல்லோடு உள்ளே போன கல் அரிசியோடு வெளியே வரும். அதை எடுப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

புதிய ஆலைகளில் வரிசை வேறு. நெல் முதலில் சல்லடைகளுக்குப் போகிறது. நெல்லைவிடப் பெரிய கல், வைக்கோல், கயிற்றுத் துண்டு எல்லாம் மேல் சல்லடையில் நின்றுவிடும். நெல்லைவிடச் சிறிய மணலும் புழுதியும் கீழ்ச் சல்லடையில் உதிர்ந்துவிடும். தூசியையும் பதரையும் காற்று இழுத்துக்கொள்ளும். ஆணி, கம்பித் துண்டுகளைக் காந்தம் பிடித்துக்கொள்ளும். இதில் எதுவும் பெரிய அதிசயம் இல்லை.

இத்தனையும் தாண்டி ஒரு கல் உள்ளே வருகிறது என்றால் அது சரியாக நெல் அளவு உள்ள கல். அதுதான் ஆபத்தானது. எந்த ஓட்டையிலும் நெல் போகும் வழியில் இதுவும் போகும். அளவை வைத்து இனி இதைப் பிரிக்க முடியாது. பாக்கி இருக்கும் ஒரே வித்தியாசம் அடர்த்தி. அரிசியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.45 கிராம், குவார்ட்ஸுக்கு 2.65.

ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், ஊதினால் பிரிந்துவிடாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்று அவ்வளவு தாராளமாக இல்லை. மேல்நோக்கி வீசும் காற்று ஒரு பொருளைத் தாங்கிப் பிடிக்கத் தேவையான வேகம் (பள்ளியில் படித்த அதே முற்றுத் திசைவேகம்தான்) அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2.65ஐ 1.45ஆல் வகுத்தால் 1.83. அதன் வர்க்கமூலம் 1.35. அதாவது ஒரே அளவும் வடிவமும் கொண்ட கல்லைத் தூக்க, அரிசியைத் தூக்குவதைவிட 35 சதவீதம் அதிக வேகம் போதும். அரிசிமணிகளில் குட்டையும் நெட்டையும் பருமனும் ஒல்லியும் உண்டு. அந்த வேறுபாடுகளே இந்த 35 சதவீதத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வெறும் காற்றை நம்பினால் ஒன்று கல் தங்கும், இல்லையென்றால் அரிசி பறக்கும்.

இந்த இடத்தில் எங்கள் பாட்டியின் அரிக்கன் சட்டியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. உள்சுவரில் வளையம் வளையமாக வரி வைத்த மண் சட்டி அது. அரிசியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றுவார். எழும்பி மிதப்பது போல நிற்கும் அரிசியைத் தண்ணீரோடு இன்னொரு பாத்திரத்தில் மெல்லச் சாய்ப்பார். திரும்பத் திரும்பச் சாய்த்த பிறகு கடைசி வரியின் மடிப்பில் நாலு கல் உட்கார்ந்திருக்கும். அதை விரலால் வழித்து முற்றத்தில் எறிவார்.

இது வெறும் பழக்கம் இல்லை, நல்ல இயற்பியல். தண்ணீரில் மூழ்கிய எந்தப் பொருளும் தன் பருமனுக்குச் சமமான நீரின் எடையை இழக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் சொன்னது. அரிசியின் 1.45இல் 1 போனால் மிச்சம் 0.45. கல்லின் 2.65இல் 1 போனால் 1.65. இப்போது கல், அரிசியைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் கனம்! காற்றில் இரண்டு மடங்குக்கும் குறைவாக இருந்த வித்தியாசத்தைத் தண்ணீர் பெரிதாக்கிக் காட்டுகிறது. பாட்டிக்கு எண்கள் தெரியாது, சட்டி தெரியும்.

ஆலைக்காரரால் இதைச் செய்ய முடியாது. அரைத்த அரிசியைத் தண்ணீரில் போட்டால் திரும்ப உலர்த்த வேண்டும், உலர்த்தும்போது அரிசி விரிசல் விட்டு நொய்யாகும். எரிபொருள் செலவு வேறு. ஆக ஆலைக்கு வேண்டியது தண்ணீர் இல்லாத ஓர் அரிக்கன் சட்டி. அதைத்தான் ஆலைகளில் டீஸ்டோனர் என்கிறார்கள். கல் நீக்கி என்று வைத்துக்கொள்வோம்.

பார்ப்பதற்கு ஒரு பெரிய இரும்புப் பெட்டி. உள்ளே கட்டில் போல ஒரு சாய்ந்த மேடை. மேடையின் தளம் கம்பி வலை. வலைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிக் காற்று வருகிறது. மேடை ஓயாமல் அதிர்கிறது. நெல்லோ அரிசியோ மேடையின் நடுவில் வந்து கொட்டுகிறது. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் அரிசி எல்லாம் சரிவில் இறங்கிக் கீழ்முனையில் வெளியேறுகிறது. கற்கள் மட்டும் வரிசை கட்டி மேட்டில் ஏறுகின்றன. கனமான பொருள் மேலே, லேசான பொருள் கீழே. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். ஆலை மேலாளருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது.

என்ன நடக்கிறது? இரண்டு விரல் உயரத்துக்கு அரிசி படுக்கையாகக் கிடக்கிறது என்று வையுங்கள். அடியிலிருந்து வரும் காற்றுக்கு மணிகளுக்கு இடையிலுள்ள சந்துகள்தான் வழி. குறுகிய சந்தில் காற்று வேகம் பிடிக்கும். வேகம் பிடித்த காற்று மணிகளைத் தூக்கும். தூக்கியதும் சந்து அகலமாகும், காற்றின் வேகம் குறையும், மணி இறங்கும். இறங்கியதும் சந்து மறுபடி குறுகும், மறுபடி தூக்கும். யாரும் பக்கத்தில் நின்று சரிசெய்யாமலே அந்தப் படுக்கை பறந்தும் போகாமல் படிந்தும் போகாமல் அந்தரத்தில் தத்தளிக்கிறது. பொறியாளர்கள் இதைப் பாய்மமாதல் என்பார்கள். தானியம் தண்ணீரைப் போல நடந்துகொள்ள ஆரம்பித்துவிடுகிறது. குவித்து வைக்க முடியாது, சரிவு கண்ட பக்கம் ஓடும். கையை விட்டால் மணலில் விடுவது போல இருக்காது, கஞ்சியில் விடுவது போல இருக்கும். அரிசி தானே தண்ணீராகிவிட்டது, இனித் தனியாகத் தண்ணீர் எதற்கு? ஒரு லிட்டர் அரிசி சுமார் 800 கிராம்தான். அப்படிப்பட்ட 'திரவத்தில்' 2.65 அடர்த்தியுள்ள கல் விழுந்தால் மூழ்காமல் என்ன செய்யும்?

மூழ்கிய கல் வலையைத் தொடுகிறது. அங்கே அதிர்வின் வேலை தொடங்குகிறது. மேடை நேராக மேலும் கீழும் ஆடுவதில்லை. மேட்டுப்பக்கம் நோக்கிச் சாய்வாக எறிவது போல ஆடுகிறது. மேடை எழும்போது அதன்மேல் அழுந்திக்கிடக்கும் கல்லை முன்னால் தள்ளுகிறது. மேடை சட்டென்று பின்வாங்கும்போது கல்லின் பிடி தளர்ந்துவிடுவதால் கல் அதனுடன் திரும்பி வருவதில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சின்ன எட்டு. நிமிடத்துக்குப் பல நூறு எட்டு. மேசையில் வைத்த கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதே கதை. அரிசிக்கு இந்தத் தள்ளல் எட்டுவதே இல்லை, ஏனென்றால் அது மேடையைத் தொடாமல் காற்றில் நிற்கிறது. தொடாதவன் சரிவில் வழிகிறான், தொட்டவன் மேடு ஏறுகிறான். 35 சதவீத வித்தியாசத்தை இயந்திரம் 'ஏறுவதா, இறங்குவதா' என்ற இரண்டே பதில் உள்ள கேள்வியாக மாற்றிவிடுகிறது. எனக்குப் பிடித்தது இந்தத் தந்திரம்தான்.

மேல்முனையில் இன்னொரு சின்ன ஏற்பாடு உண்டு. கல்லோடு தவறிப்போய் ஏறிவிட்ட சில அரிசிமணிகளை எதிர்க்காற்று ஒன்று ஊதித் திருப்பி அனுப்பும். கல் மட்டும் வாய் வழியாக வெளியே விழும்.

இந்த யோசனை அரிசிக்காரர்களிடம் பிறக்கவில்லை. 1890களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஆர்தர் வில்ஃப்லி என்ற சுரங்கப் பொறியாளர், தாதுவை மண்ணிலிருந்து பிரிக்க ஓர் ஆடும் மேசை செய்தார். மேசையில் வரி வரியாகப் பட்டைகள், அவற்றுக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர். கனமான தாது பட்டைகளின் மடிப்பில் தங்கி, ஆட்டத்தில் மெல்ல நகர்ந்து ஒரு பக்கம் சேரும். லேசான மண் நீரோடு போய்விடும். வரி வைத்த மடிப்பு, ஓடும் நீர், கையின் ஆட்டம்: அரிக்கன் சட்டியைப் பலகையாக விரித்தது போல இருக்கிறது. நான் அவர் அதை நம்மிடமிருந்து எடுத்தார் என்று சொல்லவில்லை. 'எல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தது' என்று கிளம்புகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைத் தனியாகப் படம் பிடித்துப் பகிர வேண்டாம். ஒரே இயற்பியல் இரண்டு ஊர்க்காரர்களிடம் ஒரே வேலை வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தானியத்துக்கு வந்தபோது தண்ணீரின் இடத்தில் காற்று உட்கார்ந்தது. காற்றும் சல்லடையும் சேர்ந்து வேலை செய்வது மாவு ஆலைகளுக்கு அதற்கும் முன்பே பழக்கம்தான். 1870களின் தொடக்கத்தில் மின்னியாபொலிஸ் நகரில், தவிட்டுத் துகளைக் காற்றால் பிரிக்கும் சல்லடை வந்த பிறகுதான் அந்த ஊர் மாவுக்குப் பெயர் கிடைத்தது.

ஆலையில் காற்று என்றால் தூசியும் உண்டு. அதே மின்னியாபொலிஸில் 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் 'ஏ' ஆலையில் மாவுத்தூசி தீப்பற்றி வெடித்து, பக்கத்து ஆலைகளையும் சேர்த்து 18 பேர் இறந்தார்கள். காற்றில் மிதக்கும் மாவு, வெடிமருந்துக்குச் சளைத்ததல்ல. கல் நீக்கியை மூடிய பெட்டிக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி வடிகட்டிக்கு அனுப்பும் மாதிரிகளை நல்ல ஆலைகள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல் நீக்கியை ஏமாற்றக்கூடியவையும் உண்டு. காய்ந்த மண்கட்டி கல்லைவிட லேசு, சில சமயம் அரிசியோடு கீழே இறங்கிவிடும். அதைப் பிடிக்கக் கடைசியில் வண்ணம் பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. சார்டெக்ஸ் என்று மூட்டையில் அச்சடிக்கிறார்களே, அதுதான். சறுக்கில் விழும் ஒவ்வொரு மணியையும் கேமரா பார்க்கும், நிறம் மாறியிருந்தால் நுண்குழாயிலிருந்து ஒரு பொட்டுக் காற்று அதைத் தட்டிவிடும். கருப்பு அரிசி போவதும் இப்படித்தான். அரிசி சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெள்ளையாக இருப்பதால் 'பிளாஸ்டிக் அரிசி' என்ற வதந்திக்கு வசதியாகிவிட்டது. ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்து வந்த செறிவூட்டிய மணிகள், அதாவது அரிசி மாவோடு இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிழிந்த மணிகள், கழுவும்போது சில சமயம் மிதக்கும். உடனே 'பிளாஸ்டிக்' என்று காணொளி எடுத்துவிடுகிறார்கள். அடர்த்தி குறைந்தது மிதக்கும். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மறந்ததற்கு அரிசி என்ன செய்யும்?

கோபம் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு வேலை செய்யும் இந்த இயந்திரத்தைச் சாமைக்கும் குதிரைவாலிக்கும் மாற்றுவது எளிதல்ல. தானியம் சிறுத்தால் 'அதே அளவு கல்' என்பது மணல். காற்றை மெல்லியதாக்க வேண்டும், மெல்லிய காற்றை மேடை முழுவதும் ஒரே சீராகப் பரப்புவது பெரும்பாடு. 2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கருத்தரங்குகளும் சமையல் போட்டிகளும் நடந்தன. ஒரு மலைக் கிராமத்தின் மகளிர் குழு வாங்கக்கூடிய விலையில் ஒரு கல் நீக்கி வேண்டும் என்பதற்கு, அந்தப் பணத்தில் பாதியாவது போயிருக்கலாம் என்பது என் எண்ணம். முடியாத காரியம் இல்லை. மழையில் நனைந்த டெல்டா நெல்லை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியோடு 1967இல் திருவாரூரில் ஒரு கூட்டுறவு அரிசி ஆலையை ஒட்டித் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் இன்று தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமாக நிற்கிறது.

ஆரணி ஆலையில் அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயதிருக்கும். காற்றை எவ்வளவு வைப்பது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காற்றை ஏற்றினால் கல்லும் நீந்தும் சார், இறக்கினால் அரிசியும் மலை ஏறும்" என்றார். கல் விழும் குழாய்க்கு அடியில் ஒரு பழைய எண்ணெய் டின் வைத்திருந்தார். 'டக்... டக்' என்று அதில் கல் விழுந்துகொண்டிருந்தது. இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி, மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். டின்னில் 'டக்' போய் 'சர்ர்' என்று கேட்டது. எழுந்து போய்க் காற்றுத் திறப்பைக் கால் சுற்றுத் திருகினார். டின்னிலிருந்து ஒரு கை அள்ளினார். கற்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து நெல்மணிகள். அவற்றை, நெல் கொட்டும் ஹாப்பரில் போட்டுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.