இதயத்துக்கும் வைட்டமின் டி-க்கும் நடுவே ஒரு சிறுநீரகம்

"ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்திருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்புகூட வராதாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேள்வி சின்னது. அதற்குப் பின்னால் இருக்கும் அறிவியலைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

வெயில் பட்டால் தோலில் இந்த வைட்டமின் உருவாகும் என்பது பள்ளிப் பாடம். அப்புறம் கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். கடைசியில் கிடைப்பது கால்சிட்ரியால் என்ற ஹார்மோன். குடலில் கால்சியத்தை உறிஞ்ச வைப்பது அதன் முக்கிய வேலை. ஆனால் அதை ஏற்கும் ஏற்பிப் புரதம் இதயத் தசையிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும்கூட இருக்கிறது. எலும்புக்கான ஹார்மோனுக்கு அங்கே என்ன வேலை?

எனக்கு மிகவும் பிடித்த பதில் சிறுநீரகத்தில்தான் இருக்கிறது. ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகளின் வாசலில், உள்ளே வரும் குறுங்குழாயின் சுவரிலேயே, சில செல்கள் காவல் இருக்கின்றன. ரத்த அழுத்தம் இறங்கினால் அவை ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகும்; குழாய்கள் இறுகும், உப்பும் நீரும் உடலில் தங்கும், அழுத்தம் ஏறும். ரத்தம் இழந்த உடலைக் காப்பாற்றும் ஏற்பாடு இது. ஓயாமல் ஓடினால் இதுவே இதயச் சுவரைத் தடிக்க வைத்துவிடும்.

ரெனின் உருவாக, செல்லின் கருவுக்குள் அதன் மரபணு விழிக்க வேண்டும். கிரெப் என்ற புரதம் மரபணுவின் முகப்பில் தனக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தால் நகலெடுப்பு வேகம் பிடிக்கும். கால்சிட்ரியாலைப் பெற்றுக்கொண்ட ஏற்பி வழக்கமாகத் தானே டிஎன்ஏ-வில் அமர்ந்துதான் மரபணுக்களை ஆட்டிவைக்கும். இங்கே அப்படிச் செய்வதில்லை. நேராகப் போய்க் கிரெப்பையே பிடித்துக்கொள்கிறது! பிடிபட்ட கிரெப்பால் தன் இடத்துக்குப் போக முடியாது. ரெனின் உற்பத்தி தணிகிறது. ஒரு புரதம் இன்னொன்றைப் போகவிடாமல் வழியிலேயே நிறுத்துகிறது, அந்தச் செயல் உடல் முழுவதற்குமான ரத்த அழுத்தத்தில் எதிரொலிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

2002-ல் வெளியான ஆய்வில், இந்த ஏற்பியே இல்லாத சுண்டெலிகளுக்கு ரெனின் பல மடங்கு கூடியது. ரத்த அழுத்தம் ஏறியது, இதயம் பெருத்தது. அவை தண்ணீரும் அதிகம் குடித்தன. ஆஞ்சியோடென்சின் தாகத்தையும் தூண்டும்.

சரி, மனிதர்களுக்கு? குளிர்காலத்தில் இதய மரணங்கள் கூடுவதற்கு வெயில் குறைவு காரணமாக இருக்கலாம் என்று 1981-லேயே எழுதியவர் ராபர்ட் ஸ்கிராக். பல ஆண்டுகள் கழித்து நியூசிலாந்தில் 5,100-க்கும் மேற்பட்டவர்களிடம் வைட்டமின் டி கொடுத்து அதைச் சோதித்துப் பார்த்த குழுவுக்கும் அவரே தலைவர். 2017-ல் வந்த முடிவு: இதய நோய் குறையவில்லை. தன் கருத்துக்கு எதிராக வந்த முடிவை அப்படியே வெளியிட்ட அந்த நேர்மையை வணங்குகிறேன். அமெரிக்காவின் வைட்டல் ஆய்விலும் இதே கதைதான். 25,871 பேர், தினமும் 2,000 அலகு, ஐந்து ஆண்டுகளுக்கு மேல். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை.

அப்படியானால் வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இதய நோய் அதிகம் தென்படுவது ஏன்? நோயாளிகள் வெளியே நடமாடுவது குறைவு. உடல் பருத்தவர்களிடம் இந்த வைட்டமின் கொழுப்பில் போய்த் தங்கிவிடும். குறைவு என்பது பல நேரங்களில் நோயின் நிழல்தான். தவிர, இந்த ஆய்வுகளில் சேர்ந்த பெரும்பாலோருக்குத் தேவையான அளவு ஏற்கெனவே இருந்தது. கிரெப்பைப் பிடிக்க வேண்டிய கை அவர்களிடம் ஏற்கெனவே வேலையில்தான் இருந்தது.

இவ்வளவு மலிவான மாத்திரையைச் சோதிக்க லாபம் தேடும் நிறுவனம் எதுவும் பெரும் பணம் போடாது. வைட்டல் நடந்தது பொதுப்பணம் இருந்ததால்தான். "பலன் இல்லை" என்று சொல்லும் ஆய்வுக்கும் அரசுகள் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பேன்.

வாசகருக்கு: குறைவு இருந்தால் மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள், எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்திலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும் படியக்கூடும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவற்றில் சில வகைகள் தடுப்பது இதே ரெனின் பாதையைத்தான், அதுவும் இன்னும் உறுதியாக.